ரேஞ்சர் கொடுத்த ஒரு முள்

வனத்துறையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்குப் பெரும்பாலும் இரண்டு வகை போன்தான் வரும். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது, யாரைக் கூப்பிடுவது என்று சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்று. பத்திரிகை வைக்க வருகிறோம், வீட்டில் இருப்பீர்களா என்பது இன்னொன்று. போன மாதம் ஒரு காலையில் வந்தது இரண்டிலும் சேராது. பேசியது ஷாலினி. நான் வேலை பார்த்த இடத்தில் இப்போது வனக்காப்பாளராக இருக்கும் பெண், தேனிப் பக்கத்துக்காரி.

"சார், பெருமாநல்லூர்ல ஒரு நிட்டிங் கம்பெனி குடோன். வேஸ்ட் நூல் குமிச்சு வச்சிருந்த எடத்துல ஒரு முள்ளெலி சிக்கிக் கெடந்துச்சு. காலெல்லாம் நூல் சுத்தியிருந்துச்சு, அறுத்து எடுத்துட்டேன். அட்டைப்பெட்டில நல்லாத்தான் இருக்கு. பால் வச்சிருக்கேன் சார்."

"பாலை எடுத்துடு கண்ணு. அதுக்கு வகுத்தால போகும். ஒரு மூடியில தண்ணி வையி. வண்டு, கரப்பான் ஏதாச்சும் புடிச்சுப் போடு."

"கரப்பானுக்கு இந்தக் குடோன்ல பஞ்சமே இல்ல சார். அது கெடக்கட்டும், இத எங்க விடுறது?"

சித்த நேரம் கழித்துக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். மறதி ஒன்றும் இல்லை. எங்கே விட வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த இடம் இன்னும் இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

முள்ளெலி என்றதும் பலருக்கும் முள்ளம்பன்றிதான் மனதில் வருகிறது. அது வேறு, இது வேறு. முள்ளெலி உள்ளங்கைக்குள் அடங்கும். முதுகெல்லாம் குட்டை முள், முகம் மட்டும் மூஞ்சூறு மாதிரி. இலைதழையைத் தொடாது. வண்டு, கறையான், புழு இவைதான் அதற்குச் சாப்பாடு. பயந்தால் ஓடாது, முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். நரியும் கீரியும் மூக்கைக் குத்திக்கொண்டு போய்விடும் என்பது அதன் கணக்கு. லாரி வந்தாலும் அதே கணக்குத்தான் போடும்.

இதையெல்லாம் எனக்குப் பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை. தேக்கு, சந்தனம், யானை, தீத்தடுப்புக் கோடு, எல்லைக் கல், இவைதான் பாடம். பயிற்சி முடித்துத் திருப்பூர் என்று உத்தரவு வந்தபோது கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். "அங்க என்னடா காடு? பனியன் காடா?" கணியூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்கே சற்று வெட்கமாகத்தான் இருந்தது. வந்து பார்த்தால் வேலைக்குக் குறைவில்லை. விஷம் தின்று செத்த மயில், கூண்டில் அடைத்த கிளி, பட்டா நிலத்தில் வெட்டிய சந்தன மரம், கிணற்றில் விழுந்த மான். இவற்றுக்கு நடுவில்தான் முள்ளெலி வந்தது.

முள்ளெலியை ஒரு பொருட்டாக எனக்குக் காட்டியவர் ரேஞ்சர் ஆரோக்கியசாமி. தாராபுரத்துக்காரர். குற்றவாளியைக் கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார். சோதனைக்குப் போகிற வீட்டு வாசலிலும் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். கைப்பற்றியதற்கு மகசர் எழுதும்போது ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படிப்பார். பிடிபட்டவரைப் பார்த்து, "இதுல தப்பு இருந்தாச் சொல்லுங்க, திருத்திக்கலாம்" என்பார். பிடிபட்டவர்கள் முதலில் கேலி என்று நினைப்பார்கள். பிறகு உண்மையாகவே திருத்தம் சொல்வார்கள், அவரும் திருத்துவார். அவர் போட்ட வழக்கில் மகசர் பொய் என்று கோர்ட்டில் யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

சாலையில் எது அடிபட்டுக் கிடந்தாலும் ஜீப்பை நிறுத்தச் சொல்லுவார். இறங்கிப்போய் ஒரு வேப்பங்கொத்தால் அதை ஓரத்துக்குத் தள்ளுவார். அப்படியே விட்டால் அதைத் தின்ன வருகிற காக்காயும் கீரியும் அடுத்த வண்டியில் அடிபடும் என்பது காரணம். மழைக்காலம் தொடங்கிவிட்டால் தாராபுரம் சாலையிலும் காங்கயம் சாலையிலும் இந்த வேலையே பாதி நேரத்தைத் தின்றுவிடும். அத்தனை முள்ளெலி கிடக்கும்.

உயிரோடு பிடிபட்ட முள்ளெலியை என்ன செய்வது என்பதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. உகந்த வனப்பகுதியில் விடவும் என்று உத்தரவு வரும். வனத்துறை என்றால் வனம்தானே என்று அமராவதி மலையடிவாரம் வரை ஜீப்பில் கொண்டுபோய் விட்டுவிட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டு வருவோம். எனக்கு முன்னால் இருந்தவர்களும் அதைத்தான் செய்தார்கள். ஒருநாள் அங்கே பெட்டியைத் திறக்கப் போன என் கையை ரேஞ்சர் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, இந்த மலையடி ரோட்டுல ஒரு முள்ளெலியாச்சும் அடிபட்டுக் கெடந்து பாத்திருக்கறீங்களா?"

"இல்லீங்க ஐயா."

"தாராவரம் ரோட்டுல?"

"அங்கதான் நெதமும் பாக்கறமுங்களே."

"செத்தது எங்க கெடக்குதோ, அங்கதானுங்க அது குடியிருக்குது. இங்க கொண்டாந்து உடறது, நம்மளக் கொண்டுபோயி நடுக்கடல்ல எறக்கி உடறாப்பல."

பெட்டியை மூடிக்கொண்டு திரும்பினோம். அதற்குப் பிறகு முள்ளெலியைக் கொறங்காட்டில்தான் விட்டோம். சுற்றிலும் கிளுவை முள்வேலி நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக ஆடு மாடு மேய விடுகிற நிலத்தை எங்கள் பக்கம் கொறங்காடு என்போம். வேலிக்கடியில் முள்ளெலி இருக்கும். ஆனால் அது வனத்துறை நிலமல்ல, தனியார் பட்டா. உடையவரிடம் கேட்டுத்தான் விட வேண்டும். காங்கயம் பக்கம் வள்ளியம்மா என்று ஒருவர், கணவர் இல்லாமல் தனியாகப் பண்ணயம் பார்த்தவர், அவரிடம் போய் நின்றோம்.

"கவர்மெண்டு எலிய எங்கூட்டுக் கொறங்காட்டுல மேய்க்கோணுமாக்கும்? ஆடு திங்கற புல்லத் திங்குமா?"

"இல்லீங்கம்மா, கறையான், வண்டு இந்த மாதிரித்தானுங்க."

"அப்பச் செரி. எங்கூட்டுக் கதவுலயும் கறையான் இருக்குது. முடிஞ்சா அங்கயும் வந்துட்டுப் போகச் சொல்லுங்க."

அதிலிருந்து எங்களிடம் வந்த முள்ளெலியெல்லாம் அங்கேதான் போயின.

இனி, அதே பெருமாநல்லூரில் அப்போது நாங்கள் போட்ட ஒரு வழக்கு. முள்ளெலியை யார் பிடிக்கிறார்கள், எதற்கு என்று ஷாலினி மாதிரி புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. கறிக்காகப் பிடிப்பவர்கள் கொஞ்சம் பேர். மிச்சமெல்லாம் கக்குவான் இருமலுக்காக. முள்ளெலித் தோலைக் காயவைத்து நிலைப்படிக்கு மேல் தொங்கவிட்டிருப்பார்கள். குழந்தை இருமினால் அதிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, சந்தனம் உரசுகிற கல்லில் தேன் விட்டு உரசி, நாக்கில் தடவுவார்கள். கொங்கு நாட்டில் படித்த வீடுகளிலும் இது இருந்தது. என் அம்மாவைப் பெற்ற அம்மாயி வீட்டு நிலைப்படியிலும் ஒன்று தொங்கியது. இது மருந்தல்ல என்று மருத்துவர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள்.

பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் உயிருள்ள முள்ளெலி ஒன்றை வைத்திருப்பதாகத் தகவல் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானும் ரேஞ்சரும் போனோம். வீட்டுக்காரர் மாரியப்பன், பனியன் தைக்கிற பவர் டேபிள் டைலர். மனைவி முத்துலட்சுமி அதே கம்பெனியில் செக்கிங். இருவரும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கட்டிலுக்கடியில் பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் டிரம், மேலே கட்டிங் வேஸ்ட் துணி. துணியை விலக்கினேன். முள்ளெலி பந்தாகக் கிடந்தது. லாரி கிளீனர் ஒருவர் சாலையில் பிடித்துக் கொடுத்தாராம். குழந்தையின் இருமலுக்கு முள்ளை உரசச் சொன்னது பக்கத்து வீட்டம்மாவாம். மறுநாள் செவ்வாய்க்கிழமை, அன்றைக்கு அதைக் கொன்று தோலைக் காயவைப்பதாக இருந்தார்கள்.

அதற்குள் குழந்தை இருமத் தொடங்கியது. கனகா என்று பேர், அப்போதுதான் நடை பழகியிருந்தது. ஊருக்கும் திருப்பூருக்குமாக அலைந்ததில் தடுப்பூசி விட்டுப்போயிருக்கிறது. சாதாரண இருமல் போல் இடைவெளி இல்லை. விடாமல் இருமி, கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு கூவல். உதடு நீலம் பாரித்தது. பிறகு வாந்தி. எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"மொதல்ல கொழந்தைய ஜீப்புல ஏத்துங்க" என்றார் ரேஞ்சர். "பெரியாஸ்பத்திரிக்குப் போலாம். மத்ததெல்லாம் அப்பறம்."

முத்துலட்சுமி குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க அக்கா பிள்ளைய இப்படித்தான் ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாக. உசுரோட திரும்பி வரல. ஒரு முள்ளு ஒரசிக் குடுக்காம நான் எந்திரிக்க மாட்டேன். எலிய நீங்க கொண்டுட்டுப் போங்க சார், எனக்கு வேண்டாம். ஒரே ஒரு முள்ளு குடுத்துட்டுப் போங்க."

மாரியப்பன் கைகூப்பியபடி நின்றான். சாப்பாட்டுக்கு வந்த ஆட்கள் கூடிவிட்டார்கள். பிள்ளை மருந்தைப் பிடுங்க வந்திருக்கிறார்கள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பெண் போலீசைக் கூப்பிடலாமா என்று நான் கேட்டேன். ரேஞ்சர் என்னைச் சுவர் ஓரமாகக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் பேசினார்.

"தாய்கிட்ட இருந்து புள்ளயப் புடுங்கி ஏத்தறதுக்குள்ள அதுக்கு இன்னொருக்கா இருமல் வந்துருமுங்க. முள்ளக் குடுத்தமுன்னா, ஆஸ்பத்திரியில பொழைச்சாலும் முள்ளுதான் பொழைக்க வச்சுதும்பாங்க. ஆபீசரே குடுத்தாருன்னு சொல்லுவாங்க. இந்த லைன்ல எத்தன ஊடு இருக்குது பாருங்க. ஊட்டுக்கு ஒரு எலி சாகும்."

இரண்டும் உண்மை. வாசற்படியில் மறுபடியும் இருமல் சத்தம் கேட்டது.

"உசுரோட இருக்கறதுல புடுங்கப்படாதுங்க" என்றார். "டிரம்முல உதிர்ந்தது ஏதாச்சும் கெடக்குதா பாருங்க."

துணிக் கழிவுக்கடியில் ஒன்று கிடந்தது. ரேஞ்சர் அதை வாங்கிக்கொண்டு முத்துலட்சுமியின் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முள்ளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார், கொடுக்கவில்லை.

"இதா பாருங்கம்மா. இது உங்களுக்குத்தான். ஆனா ஊட்டுல ஒரசப்படாது. ஆஸ்பத்திரிக்குப் போயி, டாக்டரு ஊசி போட்டதுக்கு அப்பறந்தான் ஒரசோணும். மாத்திச் செஞ்சா பலிக்காது. செரிங்களா?"

அவள் முள்ளையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

ஜீப் பெரியாஸ்பத்திரியைத் தொடும்வரை அவர் முள்ளைத் தன் சட்டைப் பையில்தான் வைத்திருந்தார். ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, மருத்துவர் தலையசைத்த பிறகு சொன்னபடி கொடுத்தார். குழந்தை பல நாள் படுக்கையில் கிடந்து பிழைத்துக்கொண்டது.

அன்றைக்கு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்துதான் மகசர் எழுதினோம். வழக்கம்போல் சத்தமாகப் படித்தார். நீல டிரம் என்று வந்ததும் மாரியப்பன், "சார், அது பச்சை டிரம்மு" என்றான். திருத்தினார். கடைசியில், "உதிர்ந்து கிடந்த முள் ஒன்று குழந்தையின் தாயாரிடம் என்னால் கொடுக்கப்பட்டது" என்று எழுதச் சொன்னார். நான் பேனாவை நிறுத்தினேன்.

"ஐயா, அது எதுக்குங்க? உங்களுக்கே வெனையாப் போயிரும்."

"நடந்ததத்தானுங்க எழுதோணும். அவிய எலி வச்சிருந்தத எழுதறோம். நாம முள்ளுக் குடுத்தத உட்டுர்றதுங்களா?"

மாரியப்பன் அபராதத்தோடு தப்பித்தான். ரேஞ்சர் தப்பிக்கவில்லை. வனவிலங்கின் உடல்பாகத்தைத் தானே வழங்கியதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதவி உயர்வு தள்ளிப்போனது, வேறு மாவட்டத்து மரக்கிடங்குக்கு மாற்றினார்கள். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரை அரித்தது வேறு. அங்கிருந்து போன் செய்யும்போதெல்லாம் நலம் விசாரித்துவிட்டு அதே கேள்விக்கு வருவார்.

"அந்த லைன்ல அப்பறம் எலி ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

"ஒண்ணும் தகவல் இல்லீங்க ஐயா."

"நமக்குத் தகவல் வல்லீங்க. அவ்வளவுதான்."

ஓய்வு பெற்ற பிறகும் கேட்டார். தாராபுரம் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு மண் போட்டுவிட்டு வரும்போது, அந்தப் பயத்தோடேயே மனிதர் போய்விட்டாரே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

இதற்கிடையில் சாலையில் முள்ளெலி அடிபடுவது குறையத் தொடங்கியது. ஒரு கூட்டத்தில் அதை யாரோ முன்னேற்றமாகச் சொன்னார்கள், கைதட்டல்கூட விழுந்தது. எனக்கு ரேஞ்சர் மலையடியில் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. செத்தது கிடக்கிற இடத்தில்தான் அது குடியிருக்கிறது என்றால், சாவே இல்லாத இடத்தில் என்ன இருக்கும்? சாலை அகலமாகி, ஓடுகிற வண்டிகள் பெருகியிருந்தன. கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவலை அடித்தார்கள். கொறங்காட்டில் சோலார் தகடு வந்தது, அல்லது கல் நட்டு சைட் பிரித்துக் கொடி கட்டினார்கள். மிச்சமிருந்த வெள்ளாமைக் காட்டில் பூச்சிமருந்து. கோழிக்கடைக் கழிவைத் தின்று கொழுத்த நாய்கள் கூட்டமாகத் திரிந்தன. இதையெல்லாம் செய்தவர்களில் ஒருவர்கூட முள்ளெலிக்கு எதிரி கிடையாது. பாதிப்பேர் அதைப் பார்த்ததே இல்லை. எனக்குக் கோபம் வருவது அதனால்தான். எதிரியாக இருந்தால் வழக்காவது போட்டிருப்பேன்.

ஷாலினி போன் செய்த அன்று, பதில் சொல்லாமல் பஸ் ஏறிப் பெருமாநல்லூருக்கே போய்விட்டேன். குடோனுக்கு வழி கேட்டு நடந்தால் அதே லைன் வீடுகள். முகப்பில் ஒரு சின்ன மெஸ். சோறு போட்டுக்கொண்டிருந்த பெண் கரண்டியோடு நின்றாள்.

"நீங்க அந்த ஃபாரஸ்ட்டு சார்தான?"

முத்துலட்சுமி. தலை நரைத்திருந்தது. மாரியப்பன் இப்போது சூப்பர்வைசராம். கனகா மெர்ச்சண்டைசிங் ஆபீசில் வேலை பார்த்து, கல்யாணமாகி, பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம். உள்ளே குழந்தை சத்தம் கேட்டது. நலம் விசாரித்துவிட்டு, ரேஞ்சர் கேட்டுக்கொண்டே இருந்ததை நான் கேட்டேன். இந்த லைனில் பிறகு யாராவது முள்ளெலி கொண்டு வந்தார்களா?

"எதுக்குச் சார்? இதுதான் இருக்கே."

சாமி படத்துக்குக் கீழிருந்த குங்குமச் சிமிழைத் திறந்தாள். அதே முள். பாதி தேய்ந்திருந்தது.

"இந்த லைன்ல பிறந்த அத்தன பிள்ளைகளுக்கும் இதத்தான் ஒரசுனது. ஆபீசரு கையால குடுத்தது, இதவிட ஒசத்தியா வேற எலி முள்ளு எங்க இருக்கு? யாரும் தேடிப் போகல. இப்ப இந்திக்காரப் பிள்ளைகளுக்கும் இதுதான்."

"வீட்டுலயே ஒரசுவீங்களா?"

"அய்யய்யோ! வீட்டுல ஒரசுனா பலிக்காது. மொதல்ல ஆசுபத்திரியில ஊசி போட்டுட்டு வரணும். ஊசி போட்ட அட்டையக் காட்டுனாத்தான் நான் சிமிழத் தொறப்பேன். அந்த சாரு சொன்னதுதான?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் நீர் வந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு எலி சாகும் என்று அவர் பயந்தார். ஒரு எலியும் சாகவில்லை. இதைக் கேட்க அவர் இல்லையே என்று அவளிடம் சொன்னேன். அவள் சிமிழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான் போன் செய்ததும் ஷாலினி அட்டைப்பெட்டியோடு அங்கேயே வந்து சேர்ந்தாள். முத்துலட்சுமி எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு இருந்த பதற்றத்தில் அதை ஒழுங்காகப் பார்க்கக்கூட இல்லையாம். "இம்புட்டுதான் இருக்குமா?" என்று கேட்டுவிட்டு, "இத எங்க சார் விடுவீக?" என்றாள். காலையிலிருந்து நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி.

ஷாலினியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காங்கயம் பக்கம் போனேன். வள்ளியம்மாவின் கொறங்காடு இருந்த இடத்தில் தார்ச்சாலை போட்டு, மனைகளுக்கு நம்பர் எழுதியிருந்தார்கள். அதைத் தாண்டி அடுத்தது கம்பிவலை, அதற்கடுத்தது சோலார். பொழுது சாயும் நேரத்தில், இரண்டு சைட்டுக்கு நடுவே வழக்கில் கிடக்கிற ஒரு துண்டு நிலம் கிடைத்தது. ஒரு பக்கம் மட்டும் கிளுவை வேலி மிச்சமிருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த உடையவரிடம் கேட்டோம். "உட்டுட்டுப் போங்க சாமி, பங்காளிக கேஸு முடியற வரைக்கும் இருக்கட்டும்" என்றார்.

பெட்டியைச் சாய்த்தோம். வெகுநேரம் பந்தாகவே கிடந்தது. பிறகு மூக்கை நீட்டி, மண்ணை முகர்ந்து, வேலிக்கடியில் போய்விட்டது.

"இங்க வேற ஒண்ணு இருக்குமா சார்? இல்ல, இது ஒத்தையாத்தானா?"

"தெரியல கண்ணு. நெதமும் இந்த ரோட்டுலதான வேலைக்குப் போற? ஓரமாப் பாத்துட்டே போ. ஒண்ணு அடிபட்டுக் கெடந்துச்சுன்னா எனக்குச் சொல்லு."

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க?" என்று முகத்தைச் சுளித்தாள். ரேஞ்சர் மலையடியில் பெட்டியை மூடிய கதையைச் சொன்னேன். அதற்கப்புறம் வீடு வரும்வரை சாலை ஓரத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓட்டினாள்.

அன்றிலிருந்து காலையில் அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்துவிடுகிறது. இன்றைக்கும் வந்தது.

"ரோட்டுல இன்னைக்கும் ஒண்ணும் இல்ல சார்."